போகையில் உரிமை, மீள்கையில் பிச்சையா?

இலண்டனில் வாழும் தமிழர் ஒருவர், வளைகுடா நாட்டு நிறுவனமொன்றின் விமானத்தில், போகவும் மீளவும் ஒரே சீட்டாகப் பணங்கட்டி யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். இலண்டனில் விமானம் நான்கு மணி நேரம் பிந்திக் கிளம்புகின்றது. துபாயில் அவர் மாறி ஏற வேண்டிய கொழும்பு விமானம் அவரை விட்டுப் பறந்து விடுகின்றது. அடுத்த விமானத்துக்குப் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு நிறுவனமே காரணமாயின், இவருக்குப் பிரித்தானியச் சட்டம் 520 பவுண் நட்டஈடு பெற்றுக் கொடுக்கும்.

ஒரு மாதம் கழிகின்றது. அவரே, அந்நிறுவனத்தின் விமானத்திலேயே, அச்சீட்டின் மறுபாதியைக் கையிற்கொண்டு கட்டுநாயக்கவில் ஏறுகின்றார். இங்கும் நான்கு மணித் தாமதம். துபாயில் இலண்டன் விமானம் தவறுகின்றது. மீண்டும் பத்து மணி நேரம் நாற்காலியிற் படுத்துக் கிடக்கின்றார். இம்முறை அச்சட்டத்தின்கீழ் அவருக்கு ஒரு சதமும் இல்லை!

பிரயாணி அவரே, நிறுவனம் அதுவே, சீட்டும் அதுவே. விமானம் எழும்பிய மண் ஒன்றே வேறு. பிரித்தானிய மண்ணிலிருந்து எழும்பியபோது உரிமையோடு வழக்காட வல்லவராயிருந்தவர், எமது மண்ணிலிருந்து எழும்பியதும் நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்து வாயிலில் நிற்பவராகி விட்டார். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது, இதனை நீக்க எவர் என்ன செய்தல் வேண்டும் என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகின்றேன்.

இஃது என் கற்பனையிற் பிறந்த சட்டமன்று. 2017ஆம் ஆண்டு இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் எமிறேற்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ககான் என்னும் பெண்மணியின் வழக்கு வந்தது. பிரித்தானியாவிலிருந்து முதல் விமானம் பிந்தியதால் துபாயில் இணைப்பு விமானம் தவறி, முடிவிடத்துக்கு அவர் மிகவும் பிந்திப் போய்ச் சேர்ந்தார். துபாய்க்கு அப்பால் நடந்தது எமது சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று நிறுவனம் வாதாடிற்று. நீதியரசர்கள் அதனை ஏற்கவில்லை. முடிவிடத்தில் எவ்வளவு தாமதம் என்பதே கணக்கு. இடையில் எந்த நாட்டில் விமானம் மாறினார் என்பது கணக்கன்று என்று தீர்த்தனர்.

மறுபக்கத்துக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் ஷெங்கல் என்பவரின் வழக்கை விசாரித்தது. ஜேர்மனியிலிருந்து துபாய் வழியாக மணிலாவுக்குப் போகவும் மீளவும் அவர் ஒரே தடவையிற் பதிவு செய்திருந்தார். மணிலாவிலிருந்து மீளும் விமானம் இரத்துச் செய்யப்பட்டது. போதலும் மீளலும் ஒரே பயணமன்று. மணிலாவில் தொடங்கியது தனிப் பயணம். நிறுவனமும் ஐரோப்பிய நிறுவனமன்று. ஆகவே ஐரோப்பிய ஒழுங்குவிதி அங்கே செல்லாது என்பது தீர்ப்பு. மணிலா என்ற இடத்திற் கட்டுநாயக்க என்று எழுதிக் கொள்க. பலாலி என்றும் எழுதிக் கொள்க. எமது நிலைமை அதுவே.

ரொறன்ரோவில் உள்ள எம் உறவினர் சிறிது பாக்கியசாலிகள். கனடாவின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், கனடாவிலிருந்து போகும் பயணத்தை மட்டுமன்றிக் கனடாவுக்கு வரும் பயணத்தையும் காக்கின்றன. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கிய, பாதுகாப்புக் காரணமல்லாத தாமதமாயின், பெரிய நிறுவனங்கள் ஒன்பது மணிக்கு மேற்பட்ட தாமதத்துக்கு ஆயிரம் கனேடிய டொலர் கொடுத்தல் வேண்டும். தன் நாட்டுக்கு வருபவனையும் தன் சட்டம் தொடர வேண்டும் என்று அந்நாட்டார் நினைத்தனர். எமது நாட்டு நாடாளுமன்றம் அவ்வாறு நினைத்ததுண்டா?

யாழ்ப்பாணத்தாரின் பயணத்திற் பிறருக்கில்லாத மற்றோர் இடர் உண்டு. கொழும்பில் வாழ்பவருக்குப் பயணம் கட்டுநாயக்கவிலே தொடங்குகின்றது. எமக்கோ அது பேருந்து நிலையத்திலே தொடங்குகின்றது. இரவிரவாக வவுனியா, அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் உருண்டு போயே வானூர்தியின் முகத்தைக் காண்கின்றோம். காட்டுப் பாதையிற் பேருந்து பழுதுபட்டு நின்றாலும், மழையில் வீதி அறுந்தாலும், விமானம் காத்திராது. அத்தவறுக்குப் பேருந்துக்காரனும் பொறுப்பல்லன். விமான நிறுவனமும் பொறுப்பன்று. இன்னுமொரு கொடுமை: முதல் விமானத்துக்கு வராதவர் என்று பதிவானால், அச்சீட்டிலுள்ள மற்றப் பயணங்களையும், மீள்பயணம் உட்பட, இரத்துச் செய்யும் நிபந்தனை பெரும்பாலான நிறுவனங்களின் சீட்டில் உண்டு. விமானம் புறப்படுவதற்கு முன்னரே நிறுவனத்துக்கு அறிவித்தால் இச்சேதத்தைப் பல வேளைகளில் தடுக்கலாம். நடுவழியில் நிற்கும் எம்மவர் பேருந்துக்காரனோடு வாதாடும் நேரத்தில், முதலில் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுப்பாராக.

இத்துன்பம் தீரப் பலாலி திறக்கும் என்று நம்பினோம். நம்புவதற்கு நியாயமும் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்த அத்தளத்தில், 1947 டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து வந்திறங்கிச் சென்னைக்குப் போயிற்று. காங்கேசன்துறை என்று அந்நாளில் அத்தளத்துக்குப் பெயர். சுதந்திரம் வருவதற்கு முன்னரே சென்னைக்கு வான்வழி கண்ட யாழ்ப்பாணம், பின்னர் போரினால் அதனை இழந்து, 2019 ஒக்ரோபர் 17ஆம் நாளே மீண்டும் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டது. அவ்வாண்டு நவெம்பரில் அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. கொழும்பிற் பறப்புகள் மீண்ட பின்னும் இங்கே இரண்டே முக்கால் ஆண்டு வெறும் ஓடுபாதையே கிடந்தது. 2022 டிசெம்பர் 12ஆம் நாளே மீண்டும் விமானம் இறங்கிற்று. 2024 செப்ரெம்பர் முதலாந் தேதி இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30ஆம் நாள் திருச்சியிலிருந்தும் தன் சேவைகளைத் தொடங்கிற்று.

சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆயின், சென்னையிலிருந்து அப்பாலே போக வேண்டியவர் கதி என்ன? இங்கேதான் பிரயாணிகள் கவனிக்க வேண்டிய சட்ட நுட்பம் இருக்கின்றது.

மகளின் பிள்ளைப்பேறு பார்க்கச் சுன்னாகத்திலிருந்து ஒரு தாய் புறப்படுகின்றார். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டு; சென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு வேறு நிறுவனத்தில் வேறொரு சீட்டு. தனித்தனியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மலிவு என்று முகவர் சொல்லியிருப்பார். மாரிமழையால் பலாலி விமானம் மூன்று மணி பிந்துகின்றது. சென்னையில் இரண்டாம் விமானம் போய்விட்டது. முதல் நிறுவனம் கூறுகின்றது: "சென்னை வரை கொண்டு வருவதே எம் ஒப்பந்தம், கொண்டு வந்து விட்டோம்." இரண்டாம் நிறுவனம் கூறுகின்றது: "எம் விமானம் நேரத்துக்கே போயிற்று, ஏற வேண்டியவர் வரவில்லை." சட்டப்படி இருவர் சொல்வதும் சரி! சட்டத்தரணிகள் இல்லாத சண்டையை மூட்டுபவர் என்ற பழி எமக்கு நெடுநாளாக உண்டு. இங்கேயோ மூட்டுவதற்கு ஒரு சண்டையே இல்லை.

அதுமட்டுமன்று. தனித்தனிச் சீட்டாயின் பயணப் பொதி சென்னையோடு நின்றுவிடும். அதனை எடுத்து மறுபடி ஒப்படைக்க இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும். தாண்ட விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மட்டுமன்று, கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கும் அவ்வாறே. விசா எடுக்காமற் போனவர் பொதி ஒருபுறம் தாம் ஒருபுறமாகத் தவிக்கும் காட்சி எத்துணை இரங்கத்தக்கது!

ஒரே சீட்டாக எழுதப்பட்டிருந்தால் கதையே வேறு. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, பல நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு செல்லினும், இரு திறத்தாரும் அதனை ஒரே காரியமாகக் கருதியிருப்பின் அது பிரிக்கப்படாத ஒரே பயணம் என்கின்றது. அப்போது முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் சுமை நிறுவனத்தின் தலையில் விழும். பொதியும் முடிவிடம் வரை போகும். ஆகவே முகவர் எவ்வளவுதான் மலிவு காட்டினும், முடிவிடம் வரை ஒரே சீட்டாகத் தருமாறு கேளுங்கள். அவ்வாறு கிடையாத வழியாயின், இடையில் ஒரு முழு நாள் விட்டு, விசாவும் எடுத்துப் போவதே புத்தி. பிரயாணக் காப்புறுதி வாங்கும்போது, இணைப்புத் தவறுதல் அதனுள் அடங்குமா என்பதை எழுத்திற் பார்த்து வாங்குக.

இனி, எம் கையில் இன்றுள்ள ஆயுதம் யாது என்று பார்ப்போம். மொன்றியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் இணைந்தது. இலங்கையைப் பொறுத்து அது 2019 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் உறுப்புரைப்படி, தாமதத்தால் விளைந்த நட்டத்துக்கு நிறுவனமே பொறுப்பு. நியாயமாகச் செய்யக்கூடிய அனைத்தும் செய்தோம் என்று நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்துக்கே. பிரயாணி ஒருவருக்கு உச்சவரம்பு, 2024 டிசெம்பர் 28 முதல், 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயமாகிய இஃது எட்டாயிரம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட தொகை.

கேட்க நன்றாகவே இருக்கின்றது. ஆயின் இஃது உச்சவரம்பே அன்றிக் கிடைக்கும் தொகையன்று. பிரித்தானியச் சட்டம் போல இத்தனை மணிக்கு இத்தனை பணம் என்று மொன்றியல் சொல்லவில்லை. விடுதிக்குக் கொடுத்தது, உணவுக்குச் செலவிட்டது, புதிதாகச் சீட்டு வாங்கியது, இழந்த கூலி என்று ஒவ்வொன்றையும் பற்றுச்சீட்டோடு நிரூபித்தல் வேண்டும். பத்து மணி நேரம் பச்சைத் தண்ணீரோடு பொறுத்திருந்த ஏழைப் பிரயாணிக்கு, பற்றுச்சீட்டு இல்லாமையால் நட்டமும் இல்லை என்று ஆகிவிடும். செலவழிக்க வசதியுள்ளவருக்கு நியாயம், வசதியில்லாதவருக்கு அநுதாபம் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

எனினும் இருப்பதைக் கைவிடலாகாது. விமானம் பிந்தும்போது, காரணம் யாதென்று நிறுவனத்தின் பணிமேடையில் எழுத்தில் கேட்டு வாங்குக. வாயாற் சொன்ன காரணம் மறுநாள் மாறிவிடும். ஏறுசீட்டைக் கிழித்தெறியாது வைத்திருக்க. அதில் நூறு ரூபாய்ப் பெறுமதியும் இல்லை என்று எறிந்தவர், பின்னர் தாம் அவ்விமானத்திற் போனதையே நிரூபிக்க அலைவர். உணவு, தங்குமிடம் கேட்டுப் பெறுக. கேளாதவருக்குக் கொடுப்பார் சிலரே. முழுவதும் தீர்ந்தது என்று எழுதிய தாளில், வாசித்துப் பாராமற் கையொப்பமிட வேண்டாம். பொதி சேதமாயின் ஏழு நாளுக்குள்ளும், பிந்தி வந்தால் கையிற் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு. அதன் பின் எந்தச் சட்டத்தரணியிடம் போயும் பயனில்லை. இங்கே தொடங்கி இங்கே முடியும் மீள்பயணச் சீட்டு வாங்கியவருக்கு முடிவிடம் இந்நாடே. ஆகவே நிறுவனம் எந்நாட்டதாயினும் இலங்கை நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம் என்பதையும் எம்மவர் பலர் அறியார்.

கமக்காரருக்கும் ஒரு சொல். விமானத்தில் ஏற்றிய சரக்குக்கும் இவ்வுடன்படிக்கை பொருந்தும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இணைப்பு விமானம் தவறி வெய்யிலில் வாடினால், சேதத்துக்கு 14 நாளுக்குள்ளும் தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் முறையிடல் வேண்டும். தோட்டத்திற் பறித்தவர் பெயர் விமானச் சரக்குச் சீட்டில் இராது. கொழும்பு ஏற்றுமதியாளர் பெயரே இருக்கும். எனவே நட்டஈடு வந்தால் அது யாருக்கு என்பதை அவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிக் கொள்ளுதல் வேண்டும்.

விமான நிறுவனங்களின் சார்பிற் பேசுவோர் இரண்டு ஆட்சேபம் கூறுவர். மழைக்கும் புயலுக்கும் நாங்களா பொறுப்பு என்பது ஒன்று. 2015 டிசெம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்துள் மூழ்கிற்று. 2024 ஏப்ரில் 16ஆம் நாள் துபாயில் வரலாறு காணாத மழை பெய்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகள் நின்றன. 2025 மார்ச் 21ஆம் நாள் அயலிலுள்ள மின்நிலையமொன்றில் எழுந்த தீயினால் இலண்டன் ஹீத்ரோ அந்நாளின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. இவற்றுக்கு நட்டஈடு எவரும் கேட்கவில்லை. ஐரோப்பியச் சட்டமும் அசாதாரணச் சூழ்நிலையில் நட்டஈடு விதிப்பதில்லை. ஆயின் சோறும் படுக்கையும் கொடுக்கும் கடமை அப்போதும் நீங்காது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடப்பட்டபோதும் அக்கடமை இருந்தது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் மக்டோனா என்பவரின் வழக்கிலே தீர்த்தது. இயற்கையின் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பன்று. பசித்திருக்கும் பிரயாணிக்குப் பொறுப்பே.

மற்ற ஆட்சேபம் பலாலியைப் பற்றியது: நட்டஈடு என்று மிரட்டினால் வருகின்ற ஓரிரு சிறு விமானமும் ஓடிவிடும் என்பர். இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லேன். எழுபது எண்பது ஆசனமுள்ள விமானத்துக்கு ஐரோப்பியத் தொகை பாரமே. அதற்கும் வழி உண்டு. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியைப் பாருங்கள். உரிய முன்னறிவித்தலின்றிப் பறப்பை இரத்துச் செய்தால், பறப்பு நேரத்துக்கேற்ப ஐயாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு, பத்தாயிரம் இந்திய ரூபாய் என்று அது விதிக்கின்றது. ஆயினும் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்த தொகை அதனிலும் குறைவாயின் அக்குறைந்த தொகையே. குறும்பயணத்துக்கு அவ்வளவும், நெடும்பயணத்துக்குக் கனடாவைப் போலவும் என இரு படியாக விதித்தால், எந்த நிறுவனமும் ஓட வேண்டியதில்லை. அவ்விந்திய விதிக்கு அடங்கியே சென்னையில் விமானம் எழுப்பும் நிறுவனம், பலாலியில் அதனிலும் எளிய விதிக்கு அஞ்சும் என்பது நம்பத்தக்கதன்று.

ஆகவே நாம் கேட்பது இது. 2010ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அதனை நடத்தச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை உண்டு. இலங்கை மண்ணிலிருந்து எழும்பும் ஒவ்வொரு விமானத்துக்கும், இலங்கைக்கு வரும் ஒவ்வொரு பயணத்துக்கும், முடிவிடத்துத் தாமதத்தைக் கணக்கிட்டு நிலையான தொகை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். தமிழ்ப் பிரதிநிதிகள் இதனைக் கேட்பதில் வெட்கம் என்ன? சிங்கள மகனும் மத்திய கிழக்கில் உழைக்கும் முஸ்லிம் தாயும் இதனாற் பயனடைவர். எதிர்த்து வாக்களிக்க எவருக்கும் முகம் இராது.

மொழி பற்றியும் கேட்போம். 13ஆம் திருத்தம் 1987இலே தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தாமத அறிவித்தலும், முறைப்பாட்டுத் தாளும், பிரயாணியின் உரிமையைக் கூறும் பலகையும் கட்டுநாயக்கவிலும் பலாலியிலும் பிழையற்ற தமிழில் இருத்தல் வேண்டும். வாயில் மாறியது என்ற அறிவித்தல் விளங்காமையினாலே விமானத்தைத் தவறவிடும் முதியவரை எந்த உடன்படிக்கையும் காப்பாற்றாது.

பலாலி பற்றி ஒரு வார்த்தையை விடாமற் சொல்ல வேண்டும். பெரிய விமானம் இறங்கினால் சென்னையில் மாறும் தொல்லையே இல்லை. ஆகவே தளத்தை விரிக்கக் காணி தாருங்கள் என்று ஒரு குரல் எழுகின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் அகற்றப்பட்டனர். பகுதி பகுதியாகச் சில காணிகள் மீண்டன. மீளாதவை இன்னும் உள்ளன. அச்செம்மண் தோட்டங்களின் உரிமையாளர் பலர் உறுதிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு முதுமை அடைந்து விட்டனர். விமான நிலையத்தை ஆதரிப்பவன் நான். அதன் பெயரால் மீண்டும் ஒரு வேலி போடுவதை எதிர்ப்பவனும் நானே. ஒரே சீட்டுக்கும் ஒரே பொதிக்கும் ஓடுபாதை ஓரடியேனும் நீள வேண்டியதில்லை. பலாலிக்கு அனுமதி பெறும் நிறுவனம், சென்னையிலும் திருச்சியிலும் நெடுந்தூர நிறுவனங்களோடு இணைப்பு உடன்பாடு செய்தல் வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினாற் போதும். ஒரு பேனாவினால் முடிகின்ற காரியத்துக்கு ஒருவன் தோட்டத்தைக் கேட்பானேன்?

இச்சட்டத்துக்கான வரைவொன்றைத் தயாரிக்கும் முயற்சியில் சக சட்டத்தரணிகள் சிலரோடு இறங்கியுள்ளேன். அதற்குச் சான்று வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுக்குள் கட்டுநாயக்கவிலோ பலாலியிலோ புறப்பட்டு, இணைப்புத் தவறிய வாசகர்கள், தங்கள் சீட்டு, ஏறுசீட்டு, பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை, எத்தனை மணி நேரம் காத்திருந்தனர், என்ன காரணம் கூறப்பட்டது, என்ன கொடுக்கப்பட்டது என்ற குறிப்போடு இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பி வைப்பார்களாக. இரண்டு ஆண்டு எல்லையை அண்மித்து நிற்பவர்கள் வரைவுக்காகக் காத்திராமல், முதலில் தத்தம் சட்டத்தரணியைக் காண்பார்களாக.